நாவல் எழுத நினைப்பவர்கள் நாவலை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களோடு சேர்ந்து மாதம் ஒரு நாவலைப் பேசும் வாசகர் கூட்டம் நடத்துகிறோம். வருபவர்களில் பலர் ஒன்றிரண்டு சிறுகதை எழுதியவர்கள், அடுத்து நாவல் எழுத வேண்டும் என்ற ஆசையில் இருப்பவர்கள். கூட்டம் முடிந்து டீக்கடைப் பக்கம் போகும்போது அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணம் சொல்லும்போது சில நாவல்களின் கதை வெளியே வந்துவிடும். அதில் ஆட்சேபம் உள்ளவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வரலாம்.

நாவலை ரசிச்சுப் படிச்சாப் போதாதா? எதுக்கு ஆராயணும்?

படிக்க மட்டும் விரும்புகிறவருக்குத் தாராளமாகப் போதும். எழுத விரும்புகிறவருக்கு இன்னொரு வேலை கூடுதலாக இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு சமையல்காரர் உட்கார்ந்தால் ரசத்தை ருசித்துக்கொண்டே அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்றும் யோசிப்பார். ருசி கெட்டுப்போவதில்லை.

ஒரு நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்தாளர் சில முடிவுகளை எடுத்திருக்கிறார். யார் சொல்வது, எங்கே தொடங்குவது, எதை விரித்து எழுதுவது, எதைச் சொல்லாமல் விடுவது. இவை ஒவ்வொன்றும் வேறு மாதிரியும் இருந்திருக்கலாம். அந்த முடிவுகளைக் கண்டுபிடிப்பதுதான் நான் சொல்லும் வாசிப்பு. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

எந்த நாவல்ல ஆரம்பிக்கலாம்? ஒரு லிஸ்ட் குடுங்களேன்.

லிஸ்ட் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அதை முடிப்பதே லட்சியமாகிவிடும். ஏற்கெனவே படித்து உங்களை உலுக்கிய ஒரு நாவலை எடுங்கள். கதை தெரிந்திருப்பதால் ‘அடுத்து என்ன’ என்ற பரபரப்பு இருக்காது. கண் மற்ற விஷயங்களைப் பார்க்கும்.

அப்படி எதுவும் இல்லை என்றால் அளவில் சிறியதாக ஒன்றை எடுங்கள். ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974), பூமணியின் ‘வெக்கை’ (1982), அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ மூன்றும் ஓரிரு நாளில் படித்து முடிக்கக்கூடியவை. முழு நாவலையும் மனத்தில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடிவது ஆரம்பத்தில் பெரிய வசதி. ஐந்நூறு பக்க நாவலில் முன்னூறாவது பக்கத்துக்கு வரும்போது முதல் அத்தியாயம் மறந்துபோயிருக்கும்.

படிக்கும்போதே குறிப்பு எடுக்கணுமா? எடுத்தா கதை ஓட்டமே போயிடுதே.

முதல் தடவை எடுக்காதீர்கள். பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டால் போதும். நூலகப் புத்தகம் என்றால் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுங்கள். எங்கே அழுதீர்கள், எங்கே புத்தகத்தை மூடிவைத்தீர்கள், எங்கே பக்கத்தைத் தள்ளினீர்கள் என்பது மட்டும் தெரிந்தால் சரி.

வேலை நடப்பது இரண்டாம் வாசிப்பில். அதில் முழு நாவலையும் மறுபடி படிக்க வேண்டும் என்பதில்லை. முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், கோடு போட்ட இடங்கள். இவற்றை மெதுவாகப் படியுங்கள்.

குறிப்புல என்ன எழுதறதுன்னே தெரியல. ‘அருமை’ன்னு எழுதி நிறுத்திடறேன்.

‘அருமை’ என்பது உங்கள் மனநிலையைப் பற்றிய குறிப்பு. நாவலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மூன்று விஷயம் எழுதிப் பாருங்கள்: இங்கே என்ன செய்திருக்கிறார், என்ன செய்யாமல் விட்டிருக்கிறார், மாற்றிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

‘வெக்கை’யின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன், தன் அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானை வெட்டுகிறான். கையை மட்டும் எடுப்பதுதான் அவன் நினைப்பு. ஆள் செத்துவிடுகிறார். நாவல் தொடங்குவதே இங்கேதான். அதன்பிறகு அப்பாவும் பையனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். இதற்கு என் குறிப்பு இப்படி இருக்கும்: ‘செய்தது: கொலையை முதலிலேயே முடித்துவிட்டார். செய்யாதது: பகை எப்படி முற்றியது என்று வரிசையாகச் சொல்லவில்லை, போகிற வழியில் பேச்சில் வருகிறது. மாற்றினால்: அண்ணன் சாவில் தொடங்கியிருந்தால் வாசகன் பழிவாங்கலுக்குக் காத்திருப்பான், வெட்டு விழுந்ததும் திருப்தியாகிவிடுவான். இப்போது அவனுக்கு அந்தத் திருப்தியே கிடைப்பதில்லை. பையன் அடுத்த வேளை என்ன சாப்பிடுவான், எங்கே படுப்பான் என்ற கவலைதான் மிச்சம்.’

இப்படி ஒரு குறிப்பு எழுதினாலே அந்த நாவலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். உங்கள் நாவலின் பெரிய சம்பவம் நடுவில் இருக்கிறதா? அதை முதல் பக்கத்துக்குத் தள்ளினால் மிச்சக் கதை எதைப் பற்றியதாக மாறும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கதையை யார் சொல்றாங்கன்னு பாரு, பாருங்கறீங்க. ‘நான்’னா தன்மை, ‘அவன்’னா படர்க்கை. இதுல பாக்க என்ன இருக்கு?

பள்ளி இலக்கணத்தில் அது அதோடு முடிந்துவிடும். நாவலில் அங்கேதான் தொடங்குகிறது. ‘அவன்’ என்று எழுதினாலும் அந்த ‘அவனு’க்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்று ஒரு தூரம் இருக்கிறது. அவன் பார்ப்பதை மட்டும் சொல்கிறோமா, அவனுக்குத் தெரியாததையும் சொல்கிறோமா, அவன் வாயில் வரக்கூடிய சொல்லையே விவரணையிலும் வைக்கிறோமா என்று கேளுங்கள். ‘வெக்கை’ படர்க்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் செடி கொடி, காய் கனி எல்லாம் அந்தப் பையனுக்குத் தெரிந்த அளவில், அவனுக்குப் பசிக்கிறபோது கண்ணில் படுகின்றன.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ இன்னும் வேடிக்கை. செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன். 1948-ல் நிஜாம் ஆட்சி முடிகிற சமயம். கதை சில இடங்களில் ‘நான்’ என்றும் சில இடங்களில் ‘அவன்’ என்றும் போகிறது, இரண்டும் ஒரே பையன்தான். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதை அச்சுப் பிழை என்றே நினைத்துவிட்டார். அந்த மாற்றம் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டே படியுங்கள். ஊருக்கு நடப்பதும் தனக்கு நடப்பதும் எங்கே பிரிகின்றன, எங்கே ஒட்டுகின்றன என்பது உங்களுக்கே பிடிபடும். என் விளக்கத்தைவிட அது மேல்.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) இன்னொரு வழி இருக்கிறது. பழைய காலத்துச் சங்கதிகள் தாமோதர ஆசான் என்ற கிழவரின் வாய்வழியாக வருகின்றன. அவர் கதை விடுகிறவர் என்று நமக்குத் தெரியும், இருந்தும் உட்கார்ந்து கேட்கிறோம். நம்பகத்தன்மைக்கு ஆசிரியர் ஜாமீன் நிற்க வேண்டியதில்லை. ஆசான் தலையில் கட்டிவிடலாம்.

நாவல்ல காலம் எப்படிப் போகுதுன்னு கவனிக்கிறதுன்னா என்ன?

பக்கத்தையும் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் இருபது பக்கத்தில் எத்தனை நாள் போகிறது, அடுத்த இருபதில் எத்தனை வருஷம் போகிறது என்று. ‘நாளை மற்றுமொரு நாளே’ கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். அவன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நாளுக்குள் எந்தெந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள்.

‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) வேறு மாதிரி. ஜே.ஜே. என்கிற கற்பனை மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5 அன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள், இறந்துபோனதை முதல் வாக்கியத்திலேயே சுந்தர ராமசாமி சொல்லிவிடுகிறார். முடிவு தெரிந்துவிட்டது. இனி வாசகனைப் பிடித்து வைத்திருப்பது என்ன? இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிப் பார்க்கலாம். சம்பவத்தை மட்டும் நம்பி நாவல் எழுத உட்காருகிறவர்களுக்கு நல்ல பயிற்சி.

‘பொன்னியின் செல்வன்’ படிச்சுத்தான் எனக்கு எழுத ஆசையே வந்துச்சு. அது இலக்கியம் இல்லைங்கறாங்களே?

அந்தச் சண்டை பழசு, இங்கே அதைத் தீர்க்க முடியாது. உங்களுக்குப் பயன்படும் கேள்வி வேறு: அது எதற்காக எழுதப்பட்டது? 1950-லிருந்து 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரா வாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் வாசகரை ஒரு வாரம் காத்திருக்க வைக்க வேண்டும். யாரோ கதவைத் தட்டுவது, இருட்டில் ஓர் உருவம், ஒரு ரகசியத்தின் பாதி என்று அத்தியாய முடிவுகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். தொழில் நேர்த்தி தெரியும்.

அப்புறம் அதே கண்ணோடு ‘தண்ணீர்’ நாவலின் அத்தியாய முடிவுகளைப் பாருங்கள். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குடம், கைப்பம்பு, தோண்டிப் போட்ட தெரு. அங்கே அத்தியாயங்கள் கதவைத் தட்டி முடிவதில்லை. ஒரு பேச்சு நின்ற இடத்தில் அத்தியாயமும் நின்றுவிடும். உங்கள் நாவல் ஒரே புத்தகமாக வரப்போகிறது என்றால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் கொக்கி தேவையா என்று யோசியுங்கள். நிறையப் பேர் தொடர்கதையில் படித்த பழக்கத்தால், தேவையில்லாமல் கொக்கி மாட்டிக்கொண்டே போகிறார்கள்.

படமாப் பாத்துட்டேன். நாவல் படிக்கணுமா?

படித்தே ஆக வேண்டும், அதுவும் உடனே. ‘வெக்கை’யைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ 2019-ல் வந்தது. படத்தில் நடுவில் நிற்பவர் அப்பா, அவருடைய இளமைக் காலத்துக்குப் பெரிய இடம். நாவல் பையனோடு நடக்கிறது. கதைக்கு மையம் மாறினால் என்னென்ன காட்சி புதிதாகத் தேவைப்படுகிறது, என்னென்ன காட்சி வேலையற்றுப் போகிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். எது உசத்தி என்ற பட்டிமன்றம் வேண்டாம்.

வட்டார வழக்குல எழுதின நாவல் பாதி புரியல. என்ன செய்ய?

வாய்விட்டுப் படியுங்கள். முப்பது பக்கத்தில் காது பழகிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்காதீர்கள். வழக்கு உரையாடலில் மட்டும் வருகிறதா, விவரணையிலும் வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டிலும் வந்தால் கதைசொல்லி அந்த ஊர்க்காரர். உரையாடலில் மட்டும் என்றால் கதைசொல்லி கொஞ்சம் தள்ளி நிற்கிறார். மேலே சொன்ன தூரக் கணக்குத்தான் இதுவும்.

ரொம்ப சலிப்பா இருக்கு. பாதியில விட்டுடலாமா?

விடலாம், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை. விடுவதற்கு முன் எந்தப் பக்கத்தில் சலித்தது என்று மட்டும் எழுதிவையுங்கள். அந்தப் பக்கத்துக்கு முந்தைய நாலைந்து பக்கத்தில் யாராவது எதையாவது விரும்புகிறார்களா, எதற்காவது பயப்படுகிறார்களா என்று பாருங்கள். பல நேரம் காரணம் அங்கே கிடைக்கும். சில நேரம் காரணம் நமக்குள் இருக்கும்: வயது, அவசரம், பக்கத்தில் மினுக்கும் செல்போன்.

பெரிய எழுத்தாளர் நாவல்ல குறை தெரியுது. சொன்னா அடிக்க வர்றாங்க.

குறை சொல்வதில் தப்பில்லை. பெயரைக் காட்டி வாயை அடைப்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் குறிப்பில் சொன்ன மூன்று கேள்வியும் இங்கேயும் பொருந்தும். ‘இந்தப் பாத்திரம் சரியில்லை’ என்றால் போதாது. எந்தக் காட்சியில் நம்பிக்கை விட்டுப்போனது, அங்கே என்ன எழுதியிருந்தால் நம்பியிருப்பீர்கள் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது விமர்சனம். முடியாவிட்டால் அதை இப்போதைக்கு உங்கள் நோட்டிலேயே வைத்திருங்கள். நாவல் எழுத நினைப்பவருக்கு, மதிக்கிற எழுத்தாளரின் சறுக்கல் சாதாரண எழுத்தாளரின் சறுக்கலைவிடப் பயனுள்ளது. எவ்வளவு கஷ்டமான இடம் அது என்று தெரிந்துகொள்ளலாம்.

விமர்சனக் கட்டுரைகளை நாவலுக்கு முன்னாடி படிக்கிறதா, பின்னாடியா?

பின்னால். உங்கள் குறிப்பு முடிந்த பிறகு. முன்னுரையையும் கடைசியில் படியுங்கள். தமிழ் முன்னுரைகளில் பாதி கதையைச் சொல்லிவிடுகின்றன, மீதி ஆசிரியரைப் புகழ்கின்றன.

விமர்சகர் க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்) ரசனையை நம்பி ‘இது நல்ல நாவல், இது இல்லை’ என்று சொல்லிக்கொண்டே போனவர். 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா படைப்பை அலசிப் பார்ப்பதில் பிடிவாதமாக இருந்தார். எதைப் படிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க முன்னவர் உதவுவார். எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கப் பின்னவரின் வழி எழுதுகிறவருக்கு அதிகம் உதவும் என்பது என் கட்சி. இருவரும் தாங்களே நாவல் எழுதியவர்கள்.

மொழிபெயர்ப்பு நாவல் படிச்சு நடை கத்துக்கலாமா?

அமைப்பைக் கற்றுக்கொள்ளலாம். நடை என்றால், அந்த வாக்கியம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். மலையாள நாவலாசிரியர் தகழியின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ இரண்டையும் தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. அங்கே வாக்கியத்துக்கும் நல்ல கை இருக்கிறது. எல்லா மொழிபெயர்ப்புக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ஐரோப்பிய நாவல்களை அவசரத் தமிழில் நிறையப் படித்தவர்களின் கதையில் ‘அவன் தன் தோள்களைக் குலுக்கிக்கொண்டான்’ என்று வரும். நம் ஊரில் யார் தோளைக் குலுக்குகிறார்கள்? உதட்டைப் பிதுக்குவார்கள், கையை விரிப்பார்கள்.

ஜானகிராமன் படிச்சா அவர் மாதிரியே எழுத வருது. யாரைப் படிச்சாலும் இப்படித்தான் ஆகுது.

பயப்பட ஒன்றுமில்லை. வேண்டுமென்றே செய்யுங்கள். அவருடைய ஒரு பக்கத்தைக் கையால் அப்படியே பார்த்து எழுதுங்கள். எங்கே வாக்கியம் சின்னதாகிறது, உரையாடலில் ‘என்றான்’ எத்தனை இடத்தில் இல்லை என்பதெல்லாம் கண்ணால் படிக்கும்போது நழுவிவிடும், கை பிடித்துக்கொள்ளும். அப்புறம் அவருக்கு நேர் எதிரான ஒருவரை எடுங்கள். ஜானகிராமனுக்குப் பிறகு அசோகமித்திரன் நல்ல மாற்று. எழுதின பக்கங்களைப் பிரசுரத்துக்கு அனுப்பாமல் இருந்தால் சரி.

கதாநாயகன் செய்யறதை ஆசிரியர் ஆதரிக்கிறாரா, கண்டிக்கிறாரான்னே தெரியாத நாவலை எப்படி எடுத்துக்கிறது?

தெரியாமல் இருப்பதே ஒரு முடிவாக இருக்கலாம். ‘நாளை மற்றுமொரு நாளே’யின் கந்தன் சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் வெளியே வாழ்கிறவன். நாகராஜன் அவனுக்காக வக்காலத்தும் வாங்குவதில்லை, அவனைத் திருத்தவும் முயல்வதில்லை. ‘பாவம்’, ‘கொடூரம்’ போன்ற தீர்ப்புச் சொற்கள் விவரணையில் எத்தனை இடத்தில் வருகின்றன என்று தேடிப் பாருங்கள். பிறகு உங்கள் கதையில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே நிறைய இருக்கும்.

ஒரே கருவை ரெண்டு விதமா எழுதினதுக்கு உதாரணம் இருக்கா? மாத்தி யோசிக்கச் சொன்னீங்களே, அதுக்கு.

தமிழில் இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. 1966-ல் ஜெயகாந்தன் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையை எழுதினார். மழை நாளில் கல்லூரிப் பெண் ஒருத்தி முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள், கெட்டுப்போனதாக அழுதுகொண்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது.

பிறகு வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அந்த ஒரு இடம் மட்டும் வேறு. அம்மா அலறுகிறாள், விஷயம் வெளியே தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டு அனுப்புகிறான். அந்தப் பெண்ணுக்கு இப்போது கங்கா என்று பெயர், வேலை, பல வருஷ வாழ்க்கை. நாவலுக்குள் ஒரு எழுத்தாளர் வருகிறார், அந்தச் சிறுகதையும் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அம்மாவின் ஒரு எதிர்வினையில் முதலாவது முடிந்துவிடுகிறது, இரண்டாவது தொடங்குகிறது. சிறுகதைக்கும் நாவலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களையும் இங்கேதான் அனுப்புகிறேன். அம்மா மன்னித்துவிட்டால் நாவல் கிடையாது.

இப்படிப் படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எந்த நாவலையும் ரசிக்க முடியல.

கொஞ்ச காலம் அப்படித்தான் இருக்கும். முதல் வாசிப்பில் குறிப்பு எடுக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகவும்தான். வருஷத்தில் சில நாவல்களை எதையும் தேடாமல், பயணத்தில் படிப்பது போலப் படியுங்கள்.

எத்தனை நாவல் படிச்ச பிறகு எழுத ஆரம்பிக்கலாம்?

இன்றைக்கே ஆரம்பியுங்கள். படித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருப்பவர்கள் நல்ல வாசகர்களாகவே இருந்துவிடுகிறார்கள், அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை. எழுதும்போது ஓர் இடத்தில் சிக்கிக்கொள்வீர்கள் அல்லவா, அந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு நாவல்களுக்குப் போங்கள். பத்துப் பேர் இருக்கும் வீட்டை முதல் அத்தியாயத்தில் எப்படி அறிமுகப்படுத்துவது? பெயர்ப் பட்டியல் போடாமல் யார் யார் எப்படிச் செய்திருக்கிறார்கள்? அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் நாலு நாவலின் முதல் அத்தியாயத்தைப் புரட்டுங்கள்.

போன மாதம் ஒருவர் தன் நாயகனைத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவர முடியாமல் பன்னிரண்டு பக்கம் பஸ்ஸிலேயே உட்காரவைத்திருந்தார். டிக்கெட், ஜன்னல், பக்கத்து சீட்டுக்காரர், விக்கிரவாண்டியில் டீ. கையில் இருந்த ஒரு நாவலை எடுத்து, ஊர் மாறும் இடங்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஓர் அத்தியாயம் ஊரில் முடிந்திருந்தது, அடுத்த அத்தியாயத்தில் ஆள் சென்னையில் வாடகை பேசிக்கொண்டிருந்தான். அவர் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டார், டீயை மட்டும் வேறு அத்தியாயத்துக்கு வைத்துக்கொண்டார்.